நீலகிரியின் பாறையையும் மண்ணையும் படிப்பது எப்படி: கல்லாறு முதல் முக்கூர்த்தி வரை

ஊட்டிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மலையை உச்சியிலிருந்துதான் பார்க்கத் தொடங்குகிறார்கள். தொட்டபெட்டாவில் ஏறி, தொலைநோக்கியில் ஒரு கண் வைத்துவிட்டு, வர்க்கியும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். இந்த மலை எதனால் ஆனது, ஏன் விளிம்பெல்லாம் செங்குத்தாகவும் மேலே போனால் மெத்தென்ற மேடுகளாகவும் இருக்கிறது, எந்தச் சரிவு நிற்கும், எது மழையில் இறங்கும் என்று தெரிந்துகொள்ள ஆசையிருந்தால் அடியிலிருந்து தொடங்க வேண்டும். மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு பக்கத்திலிருந்து.

நான் கோத்தகிரிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். நிலவியல் படித்தேன், பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இப்போதும் கேட்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறேன். அந்த நடையில் எந்த வரிசையில் எதைக் காட்டுவேனோ, அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், பேனாக்கத்தி, சின்னக் காந்தம், ஒரு பாட்டில் தண்ணீர், நோட்டு, பென்சில். இவ்வளவு போதும். சுத்தியல் வேண்டாம். வனத்துறை நிலத்தில் கல் உடைக்கக்கூடாது. உடைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஒவ்வொரு மழைக்காலமும் சாலையோரத்தில் புதுக்கல்லைத் தள்ளிவிட்டுத்தான் போகிறது. வெளியூர் வண்டி என்றால் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே மாதத்திலிருந்து அது கட்டாயம்.

முதலில் பச்சைப் பாறை

மலையின் கிழக்கு முகத்திலிருந்து ஓடைகள் உருட்டிக் கொண்டுவந்த கற்கள் கல்லாற்றுப் படுகையில் குவிந்து கிடக்கின்றன. யானைகள் கடக்கும் இடம் இது. பாதுகாப்பாக நிற்க அனுமதி உள்ள இடத்தில், நல்ல வெளிச்சத்தில் மட்டும் பாருங்கள். காலையிலும் மாலையிலும் ஆற்றில் இறங்க வேண்டாம்.

ஒரு கல்லை எடுத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த கல் எதையும் காட்டாது. நனைந்ததும் நிறம் எழும்பி வரும். கரும்பச்சையும் நீலச்சாம்பலும் கலந்து, எண்ணெய் தடவியதுபோல் மினுக்கும். அதுதான் சார்னோகைட். லென்ஸை வையுங்கள். சாதாரணக் கிரானைட்டில் வெள்ளையாகத் தெரிகிற குவார்ட்ஸ் (கண்ணாடிபோன்ற கடினக் கனிமம்) இங்கே நீலம் ஓடிய சாம்பலாக இருக்கும். நடுவே தவிட்டு நிறத்தில் கட்டைகட்டையாகத் தெரிவது ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம். சில கற்களில் சிவப்புப் புள்ளிகளாகக் கார்னெட் இருக்கும். சாலையோரச் சாக்கடை மணலில் காந்தத்தை இழுத்தால் கருந்துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும். அவை பாறை மக்கிய பிறகும் மக்காமல் மிஞ்சிய மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம்.

சென்னைக்காரர்கள் இந்தப் பாறையின் உறவுக்காரனைப் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் தினமும் பார்க்கிறார்கள். அங்கிருந்து போன கல்லில்தான் கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைப் பலகை செய்யப்பட்டது. நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் பாறைக்குப் பெயர் வைத்தபோது அந்தச் சார்னாக்கின் பெயரையே வைத்தார்.

கையில் இருக்கும் இந்தக் கல் இன்றைய நிலைக்கு வந்து ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பூமியின் மேலோட்டில் சுமார் 25 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், 700, 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வெந்து உருவானது. ஹைப்பர்ஸ்தீன் இருப்பதே அதற்குச் சாட்சி. அந்த ஆழத்தில் தண்ணீர் ஏறக்குறைய முழுதும் வெளியேறிய நிலையில்தான் இத்தகைய பாறை அமையும். அதன் மேல் கிடந்த அத்தனை கிலோமீட்டர் கல்லும் அரித்துப் போனதால்தான் இன்று நம் காலடியில் கிடக்கிறது. மாணவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார்கள். நானும் அவசரப்படுத்துவதில்லை.

சாலை வெட்டில் ஒரு மணி நேரம்

இனி வரும் பகுதிக்கு நேரம் ஒதுக்குங்கள். நீலகிரியைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால், எந்த வியூ பாயின்ட்டையும் சொல்லமாட்டேன். சாலை வெட்டின் முன்னால் நிறுத்துவேன்.

பர்லியாறு தாண்டி குன்னூரை நோக்கி ஏற ஏற, சாலைக்காக வெட்டப்பட்ட மண்சுவர்கள் வரும். கோத்தகிரி வழியிலும் இருக்கின்றன. வண்டி ஒதுக்கி நிறுத்த அகலமான இடமாகத் தேர்ந்தெடுங்கள். மழை பெய்துகொண்டிருந்தாலோ, முந்தைய நாள் பெய்திருந்தாலோ வெட்டின் அடியில் நிற்காதீர்கள், எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள்.

கீழிருந்து மேலாகப் படியுங்கள். அடியில் பச்சைப் பாறை. கத்தி இறங்காது, தட்டினால் கணீரென்று கேட்கும். அதற்கு மேல் அதே பாறையில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள். தண்ணீர் அந்த விரிசல்கள் வழியாக உள்ளே போய் நான்கு பக்கமும் பாறையைத் தின்னும். மூலைகள் முதலில் கரைவதால் சதுரக் கட்டிகள் உருண்டையாகிவிடும். இன்னும் மேலே போனால் அந்த உருண்டைகள் தனித்தனியாக, மக்கிய மண்ணுக்குள் புதைந்து நிற்கும். ஒவ்வொன்றையும் சுற்றி வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக உரியும் ஓடு. தோட்ட வேலைக்காரர்கள் மண்ணைத் தோண்டும்போது அகப்படுகிற உருண்டைப் பாறைகள் இவைதான். எங்கிருந்தும் உருண்டு வந்தவையல்ல, நின்ற இடத்திலேயே மிஞ்சியவை.

உருண்டைகளுக்கு மேலேயும் இடையிலும் இருப்பதைத்தான் நீங்கள் நெருங்கிப் பார்க்க வேண்டும். பார்வைக்கு அது பாறையேதான். பழைய விரிசல் கோடுகள் தெரியும், கனிமப் பட்டைகள் தெரியும், குவார்ட்ஸ் நரம்புகூட உடையாமல் ஓடும். கத்தியை வைத்து அழுத்துங்கள். பிடிவரை இறங்கிவிடும். ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்து விரலால் தேயுங்கள்: ஃபெல்ட்ஸ்பார் என்ற வெளிர்நிறக் கனிமம் இருந்த இடம் வெள்ளைக் களிமண்ணாக வழுவழுக்கும், குவார்ட்ஸ் மணல் நறநறக்கும், இரும்பு இருந்த கனிமம் துருவாகி விரலில் காவி ஏற்றும். பாறையின் உருவம் அப்படியே நிற்க, சரக்கு மட்டும் மாறிவிட்டது. நான் இதை மக்கிய பாறை என்றே சொல்லிக்கொடுக்கிறேன். பல இடங்களில் இதன் கனம் பத்து மீட்டரைத் தாண்டும்.

அதற்கும் மேலே சிவந்த களிமண். சில வெட்டுகளில் சிவப்பு மண்ணின் அடியில் சின்னக் கற்கள் ஒரே வரிசையாக ஓடும். கோடு போட்டு அடுக்கியதுபோல் இருக்கும். அந்த வரிசைக்கு மேலே உள்ள மண் சரிவில் மெல்ல நகர்ந்து வந்து படிந்தது, கீழே உள்ளது நின்ற இடத்திலேயே மக்கியது. கல்வரிசையைக் கண்டுபிடித்துவிட்டால் ஒரே சுவரில் இரண்டு கதைகளைப் பிரித்துப் படிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே, வேர் ஓடிய கருமண். அது ஒரு முழம்கூடத் தேறாது பல இடங்களில்.

நோட்டில் இந்த அடுக்குகளை வரைந்துகொள்ளுங்கள். புகைப்படம் எடுத்தால் மறந்துவிடும், வரைந்தால் மறக்காது. பிறகு ஈரம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். வெயில் காலத்திலும் வெட்டில் ஒரு மட்டத்தில் பாசியோ, பெரணியோ, கறுத்த ஈரக் கோடோ இருக்கும். பெரும்பாலும் அந்தக் கோடு மக்கிய பாறை முடிந்து பச்சைப் பாறை தொடங்கும் இடத்தில் வரும். மழைநீர் மேலிருந்து இறங்கி, கடினப் பாறையைத் தொட்டதும் வழியில்லாமல் பக்கவாட்டில் நகர்கிறது. எங்கள் மலையின் ஊற்றுகளும், ஓடைகளும், அழிவுகளும் அந்த ஒரு கோட்டிலிருந்துதான் பிறக்கின்றன.

1978, 1979-இல் வந்த சரிவுகள், 1993 நவம்பரில் மரப்பாலத்தில் சாலையையே அடித்துக்கொண்டு போன சரிவு, 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர்ப் பக்கமெல்லாம் வீடுகளைப் புதைத்து 40-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது — எல்லாவற்றிலும் பாறைமேல் கிடந்த இந்தத் தோல்தான் இறங்கியது. மக்கிய பாறை தண்ணீரைக் குடித்துக் கனக்கிறது, துளைகளில் நீரழுத்தம் ஏறுகிறது, மண்ணைப் பிடித்து நிறுத்தும் உராய்வு குறைகிறது. அடியை வெட்டி எடுத்திருந்தால் தாங்கலும் இல்லை. மலை கருங்கல்லால் ஆனது, அசையாது என்று நினைத்து வீடு கட்டுகிறார்கள். கல் அசையவில்லை என்பது உண்மைதான். வீடு நிற்பது கல்லின்மேல் இல்லையே.

கிழக்குச் சரிவான குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை பெரிது. ஆபத்து அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை. மேற்கு விளிம்புக்குத் தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஒரே மாவட்டத்தில் இரண்டு மழைக்காலம், இரண்டு வகை அபாயம். பாறை பார்க்க வருவதென்றால் ஜனவரியிலிருந்து மார்ச்வரை வாருங்கள். வெட்டுகள் காய்ந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும், ஈரக் கோடும் தனித்துத் தெரியும்.

மேலே ஏறியதும் அடிவானத்தைப் பாருங்கள்

ரயில்பாதை மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டரில் தொடங்கி ஊட்டியில் 2203 மீட்டரில் முடிகிறது. அதில் பெரும்பங்கு ஏற்றம் குன்னூருக்குள் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் மலை தளர்ந்துவிடும். ஏறிவந்த அளவுக்குச் சிகரங்கள் குத்திட்டு நிற்க வேண்டுமே, நிற்கவில்லை. உருண்டு திரண்ட மேடுகள், அகலமான பள்ளத்தாக்குகள், அவசரமில்லாமல் வளைந்து ஓடும் ஓடைகள்.

தொட்டபெட்டாவில் (2637 மீட்டர்) நின்றால் இதை அளந்தே பார்க்கலாம். கையை நீட்டிப் பென்சிலைக் கிடைமட்டமாகப் பிடித்து அடிவானத்தில் ஓட்டுங்கள். மேடுகளின் உச்சிகள் பலவும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வந்து நிற்கும். ஒரு காலத்தில் தாழ்ந்து தேய்ந்திருந்த நிலப்பரப்பு மொத்தமாக உயர்ந்து, பிறகு ஓடைகளால் செதுக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அது ஒரு அடையாளம்.

ஏன் இந்தத் துண்டு மட்டும் உயர்ந்து நிற்கிறது என்று கேட்டால் வடக்கையும் தெற்கையும் காட்டுவேன். வடக்கே மாயாறு, தெற்கே பவானி. இரண்டு ஆறுகளும் பூமியின் மேலோடு ஆழத்தில் அறுந்து நகர்ந்த நெடிய பலவீனப் பட்டைகளை ஒட்டி ஓடுகின்றன. அந்தப் பட்டைகளில் பாறை நசுங்கி, இழுபட்டு, இலை அடுக்குபோல் ஆகியிருப்பதால் ஆறு எளிதில் அறுத்துவிட்டது. நடுவில் அகப்பட்ட சார்னோகைட் கட்டி அறுபடாமல் நிற்கிறது. கோத்தகிரியிலிருந்து கொடநாடு காட்சி முனைக்குப் போய்ப் பாருங்கள். காலடியில் மாயாற்றுப் பள்ளத்தாக்கு, பக்கத்தில் ரங்கசாமி தூண், எதிரே சத்தியமங்கலம், மைசூர்ப் பக்கத்து மேட்டுநிலம். இந்த வடக்கு விளிம்பின் பாறைகள் தெற்கில் உள்ளவற்றைவிட ஆழத்திலிருந்து வந்தவை என்று அவற்றின் கனிமங்கள் சொல்கின்றன. நீலகிரி என்ற இந்த உயர்ந்த மேடை கொஞ்சம் சாய்ந்தே மேலே வந்திருக்கிறது.

இன்னொரு பயிற்சி: மேடையின் ஆறுகளில் எதையாவது பின்தொடருங்கள். மேலே அது தூங்குகிற மாதிரி ஓடும், விளிம்பை அடைந்ததும் அருவியாக விழும். பைக்காரா, கல்லட்டி, கேத்தரின் எல்லாம் அப்படித்தான். பழைய, தளர்ந்த நிலம் முடிந்து புதிய, செங்குத்தான நிலம் தொடங்கும் எல்லையில் அருவி நிற்கிறது. மின்சாரத்துக்கு அந்த எல்லையைத்தான் பிடித்தார்கள். பைக்காரா மின்நிலையம் 1932-லேயே ஓடத் தொடங்கிவிட்டது.

சதுப்பும் சோலையும்

மேற்கே போகப் போகத் தேயிலை குறைந்து புல்வெளி வரும். இங்கே பாறையைத் தேடாதீர்கள், பள்ளங்களைப் பாருங்கள். இரண்டு மேடுகளுக்கு நடுவே மடிப்பான இடத்தில் சோலைக்காடு சுருண்டு நிற்கும். மேட்டின் முதுகு முழுக்கப் புல். மடிப்பில் மண் ஆழமாகச் சேர்ந்து ஈரம் நிற்கிறது. திறந்த சரிவில் மண் மெலிந்தது, குளிர்கால இரவுகளில் உறைபனி விழுந்து மரக்கன்றுகளைக் கருக்கிவிடுகிறது. சோலையின் விளிம்பை நோட்டில் வரைந்தாலே மண்ணின் ஆழத்துக்கு ஒரு வரைபடம் கிடைத்துவிடும். ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து, பின்னால் பெருமளவில் நட்ட சீகை (வாட்டில்) மரமும் யூகலிப்டஸும் இருக்கும் சரிவில் இந்தப் பாடம் அழிந்துபோயிருக்கும். எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

பள்ளத்தின் அடியில் சதுப்பு. அதில் கால் வைக்கக்கூடாது, ஓரத்தில் ஓடை அறுத்த கரை இருந்தால் அங்கே குனிந்து பாருங்கள். கறுப்பாக, நார்நாராக, பிழிந்தால் தேயிலைச் சாயம்போன்ற நீர் வடியும் மட்கு. அதன் அடியில் வெளுத்த களிமண். செடிகள் முழுதும் மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேர்ந்தது இது. ஆர். சுகுமாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்பு மட்கின் கரிம ஐசோடோப்புகளை (எடையில் வேறுபடும் கரிம அணுக்களை) அளந்து, 1993-இல் வெளியிட்ட ஆய்வில் கடந்த 20,000 ஆண்டுகளின் பருவநிலையைப் படித்துக் காட்டினார்கள். வறண்ட காலத்தில் ஒருவகைப் புல் ஓங்கியது, ஈரமான காலத்தில் வேறு தாவரங்கள் ஓங்கின. இந்தப் புல்வெளி மனிதன் காட்டை அழித்ததால் வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, புல் அவ்வளவு காலமாகவே இங்கே இருக்கிறது என்று அந்தக் கறுப்பு மண்ணே பதில் சொன்னது.

மேற்கு விளிம்பு

முக்கூர்த்தி (2554 மீட்டர்) தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. அது எளிதில் கிடைப்பதும் இல்லை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். வரையாட்டுக்கு மிஞ்சியிருக்கும் சில புகலிடங்களில் அது ஒன்று. தோடர்களுக்கு அந்தச் சிகரம் மறைந்தவர்கள் மறுவுலகுக்குப் போகும் வழி. அனுமதி கிடைக்காதவர்கள் அவலாஞ்சியில் வனத்துறை வண்டியில் போய், புல்வெளியும் சோலையும் விளிம்பை நோக்கி உயர்வதைப் பார்க்கலாம். அவலாஞ்சி என்ற பெயரே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நடந்த பெருஞ்சரிவால் வந்தது.

விளிம்பில் பார்க்க வேண்டியது அதன் ஒருபக்கச் சாய்வு. கிழக்கே புல்மேடுகள் மெல்ல இறங்கும். மேற்கே ஒரே வெட்டு. கேரளத்தின் நிலம்பூர்ச் சமவெளி இரண்டாயிரம் மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து பிரிந்து போன பிறகு, அந்தப் பக்கம் நிலம் தாழ்ந்து, மேற்கு நோக்கி ஓடும் குட்டையான, வேகமான ஆறுகள் பாறைமுகத்தை உள்ளே உள்ளே அரித்துக்கொண்டு வருகின்றன. ஆனால் விளிம்பின் கிழக்கே விழும் துளி வங்கக்கடலுக்குப் போகிறது. முக்கூர்த்தியில் பிறக்கும் பைக்காரா வடக்கே போய், அருவியாக விழுந்து, மாயாறாகி, பவானிசாகரில் பவானியோடு சேர்ந்து, காவிரியில் கலக்கிறது. அரபிக்கடல் அவ்வளவு பக்கத்தில் இருந்தும், தமிழ்நாட்டின் குறுக்கே முழுதும் பயணம் செய்கிறது அந்தத் தண்ணீர்.

இடம் வாங்கப் போகிறவர்களுக்கு

என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான். "டீச்சர், ஒரு பத்து சென்ட் வருது, பாக்கலாமா?" பாருங்கள், ஆனால் மழைக்காலத்தில் பாருங்கள். பனிக்காலத்தில் எல்லா இடமும் அழகாகத்தான் இருக்கும்.

மனையில் நிற்காமல் எதிர்ச் சரிவுக்குப் போய் மனையைப் பாருங்கள். அது இரண்டு மேட்டுக்கு நடுவே உள்ள மடிப்பில் இருந்தால், ஓடை தெரியாவிட்டாலும் அது தண்ணீரின் வழி. பக்கத்தில் சாலை வெட்டு இருந்தால் கத்தியை எடுத்து அடுக்குகளைப் பாருங்கள். ஈரக் கோடு மனையின் மட்டத்துக்கு மேலே வருகிறதா, கீழேயா? மேலே உள்ள சரிவில் பிறைவடிவ விரிசல் இருக்கிறதா? மரங்களின் அடித்தண்டு வளைந்து பிறகு நிமிர்ந்திருக்கிறதா? மின்கம்பங்கள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா? பழைய தடுப்புச் சுவர் இருந்தால் அதன் நீர்க்குழாய்களைப் பாருங்கள். மழையில் குழாயிலிருந்து தண்ணீர் வடிந்தால் சுவர் வேலை செய்கிறது. நாலு நாள் மழைக்குப் பிறகும் குழாய் காய்ந்திருந்து, சுவரின் வயிறு மட்டும் புடைத்திருந்தால், பின்னால் தண்ணீர் அடைபட்டிருக்கிறது.

எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) ஒரு பெரியவர் சொல்வார்: "மழ பெய்யறப்ப தண்ணி வர்றது தப்பில்ல டீச்சரம்மா. மழ விட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு, இதுவரைக்கும் வராத எடத்துல கலங்கலா தண்ணி வந்தா அன்னிக்கு ராத்திரி அங்க படுக்கக்கூடாது." மேலே விழுந்த மழை மக்கிய பாறைக்குள் ஊறி, அடிக்கோட்டை அடைய நாளாகும். கலங்கல் என்றால் உள்ளே மண் கரைகிறது. அவர் நிலவியல் படித்தவர் இல்லை, மலையைப் படித்தவர்.

பொக்லைன் ஓட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். சரிவை வெட்டிக் கட்டுவதென்றால் புவியியல் மற்றும் சுரங்கத் துறை, வேளாண் பொறியியல் துறை, வனத்துறை என்று கருத்துக் கேட்பார்கள். அலைச்சல்தான். ஆனாலும் "எல்லாம் பாத்துக்கலாம்" என்று சொல்லும் தரகரிடம் அந்தக் காகிதங்களைக் கேளுங்கள். காகிதம் காட்டத் தயங்கினால் முன்பணம் கொடுக்காமல் திரும்பி வாருங்கள். காட்டினாலும், கையெழுத்துப் போடும் முன் நவம்பரில் ஒரு முறை, இரண்டு நாள் மழைக்குப் பிறகு, குடையோடு போய் எதிர்ச் சரிவில் நின்று தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.